வில்ஃபுல் என்றொரு சொல்

ஓசூரில் கார்களுக்கு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நான் ஐந்து வருடம் நர்சாக இருந்தேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. அறையில் இரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி, கண் கழுவும் குழாய், ஒரு மேசை. கண்ணில் இரும்புத் தூள் விழுந்தவர்கள், கையைக் கீறிக்கொண்டவர்கள், வெல்டிங் பொறி சுட்டவர்கள், தலைவலிக்காரர்கள் வருவார்கள். ஒரு நாளைக்கு எட்டுப் பேர் வந்தால் அதிகம். மற்ற நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றரை வருடம் நர்சிங் படித்துவிட்டு அப்படி உட்கார்ந்திருப்பது எனக்கு ஒரு தண்டனை போல இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வார்டில் வேலை பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கூடப் படித்த இரண்டு பேர் ஏற்கெனவே அயர்லாந்துக்குப் போய்விட்டிருந்தார்கள். அங்கே போவதற்கு முதலில் ஓர் ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டும்.

நான் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு மானாவாரி கிராமத்தில் தமிழ் மீடியத்தில் படித்தவள். நோய்களுக்கும் மருந்துகளுக்கும் ஆங்கிலப் பெயர் தெரியும். டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்ளத் தெரியும். அந்தப் பரீட்சைக்கு அது போதாது. கொடுத்த தலைப்பில் ஒரு பக்கத்துக்கு வாதம் செய்து எழுத வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரின் எதிரில் உட்கார்ந்து பேச வேண்டும். பெங்களூரில் ஒரு கோச்சிங் சென்டரில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட சொற்பட்டியல் ஒன்று விற்றார்கள். ஏ முதல் இசட் வரை கடினமான சொற்கள் மட்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து என்று கணக்கு வைத்துக்கொண்டேன். பதிவேட்டுக்கு அடியில் வைத்துப் படிப்பேன். கதவுப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டால் பதிவேட்டை மேலே இழுத்துவிடுவேன்.

என் கணவர் அதே ஊரில் வேறொரு தொழிற்சாலையில் தகடு வெட்டும் பிரஸ்ஸில் ஆபரேட்டர். சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்தவர். மாலையில் டீ குடித்துக்கொண்டே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்பார். 'இனட்வர்டன்ட்' என்ற சொல்லை மூன்று நாள் தொடர்ந்து மறந்தேன். கவனக்குறைவாக, அறியாமல் செய்தது என்று பொருள். நான்காம் நாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோது, "இனட்வர்டன்ட்டா பொங்கிருச்சு, விடு" என்றார். அதன் பிறகு மறக்கவில்லை.

விபத்து நடந்த அன்று பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நான் ஓ வரிசையில் இருந்தேன்.

மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் லைனுக்குத் திரும்பி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் அணைத்துப் பிடித்திருந்த பெண்ணின் வலது கையில் மெஷின் துடைக்கும் வேஸ்ட் துணியைச் சுற்றியிருந்தார்கள். துணி முழுக்க ரத்தம், எண்ணெய். பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். ராயக்கோட்டைக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து வருகிற கான்ட்ராக்ட் ஆள். அதற்கு முன் ஒருமுறை வயிற்றுவலிக்கு மாத்திரை வாங்க வந்திருக்கிறாள்.

துணியைப் பிரித்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை.

"விரல் எங்க?" என்றேன்.

சூப்பர்வைசருக்குப் புரியவில்லை. "என்ன சிஸ்டர்?"

"துண்டான விரல். எங்க இருக்குது?"

அவர் என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது. அவரைப் போய் எடுத்து வரச் சொல்வதில் பயனில்லை என்று தெரிந்தது. நல்ல துணி வைத்து அழுத்திக் கட்டினேன். கையைத் தலைக்கு மேலே தூக்கி, "இப்படியே புடிச்சிக்கிட்டு இருங்க, எறக்காதீங்க" என்று அவரிடம் கொடுத்தேன். அந்தப் பெண் அழவில்லை. வலி அதிகமானபோது தெலுங்குக்குப் போய், "நொப்பி அக்கா, நொப்பி" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சுத்தமான காஸ் துணியும் ஒரு பிளாஸ்டிக் கவரும் எடுத்துக்கொண்டு பிரஸ் ஷாப்புக்கு ஓடினேன்.

லைனை நிறுத்தியிருந்தார்கள். அந்த மெஷினைச் சுற்றிப் பத்தடி தள்ளி ஆட்கள் நின்றார்கள். யாரும் கிட்டே போகவில்லை. நான் குனிந்து தேடினேன். வெட்டிய தகடுகள் வந்து விழுகிற தட்டில், எண்ணெய்க்குள், இரண்டும் கிடந்தன. ஒன்று தகடு போல நசுங்கியிருந்தது. இன்னொன்று பரவாயில்லை. எடுத்து காஸில் சுற்றினேன். நிமிர்ந்தபோது என் முகத்துக்கு நேராக அந்த மெஷினின் பட்டன்கள் இருந்தன.

பிரஸ்ஸைப் பற்றி என் கணவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். இடது பக்கம் ஒரு பட்டன், வலது பக்கம் ஒரு பட்டன் இருக்கும். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது. அதற்காகத்தான் இரண்டு பட்டன்.

இந்த மெஷினில் வலது பட்டன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, எப்போதும் அழுந்தியே இருக்கும்படி செய்திருந்தார்கள். இடது கையால் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், அச்சு இறங்கிவிடும். டேப்பின் ஓரங்கள் சுருண்டு, அதில் எண்ணெயும் இரும்புத் தூளும் ஏறிக் கெட்டியாகியிருந்தன. அதைப் பார்த்தபடி நான் மூன்று நான்கு நொடி நின்றிருப்பேன். பிறகு கேன்டீனுக்கு ஓடினேன், ஐஸுக்கு.

ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே பெங்களூருக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். கம்பெனி வேனில் நானும் ஏறினேன். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரிகள் இரண்டு வரிசையாக நின்றிருந்தன. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. முன்னால் நின்ற லாரிகளும் நகரவில்லை. நான் மடியில் ஐஸ் டப்பாவை வைத்துக்கொண்டு நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒட்டுவதற்கு ஆறு மணி நேரம் வரை அவகாசம் உண்டு என்று படித்திருந்தேன். நசுங்கின விரலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பதும் தெரியும்.

"அக்கா, எம்மேலயா தப்பு?" என்றாள் அவள்.

"பேசாத, சாஞ்சிக்க."

"நா வந்த நாள்ல இருந்தே அப்டித்தான் ஒட்டியிருந்துச்சுக்கா. எடது கையில அமுக்கு, வலது கையில பீஸ வையின்னாங்க. எல்லாரும் அப்டித்தான் செய்யறாங்க."

"யாரு சொன்னாங்க?"

அவள் வேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேன் கொஞ்சம் நகர்ந்ததும், "வேலயில இருந்து எடுத்துருவாங்களா அக்கா?" என்றாள்.

நான்கு மணி நேர ஆபரேஷனில் நடுவிரலை ஒட்டினார்கள். ஆள்காட்டி விரலை விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை பர்சனல் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருப்பார். யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. மேசையில் டைப் செய்த ஒரு தாள் இருந்தது.

"உக்காருங்க சிஸ்டர். நேத்து நீங்க ரொம்ப நல்லா ஹேண்டில் பண்ணீங்க. ஒரு சைன் மட்டும் போட்ருங்க. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள ஃபேக்ஸ் போகணும்."

இதற்கு முன்பு அந்த மாதிரித் தாள்களில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பேனாவைத் திறந்தபடியேதான் வாங்குவேன். தேதியும் பெயரும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். அவ்வளவுதான். அன்று, "படிச்சிட்டுப் போடறேன் சார்" என்றேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நான் போகவில்லை. அந்த டேப் கண்ணிலேயே நின்றதால் வாயில் வந்துவிட்டது.

"நாலு வரிதானே. படிங்க."

படித்தேன். இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன மெஷின். பிறகு: காயம்பட்டவர் முதலுதவி அறை நர்சிடம் தாமே கூறியபடி, பாதுகாப்புக் கருவியை அவர் வில்ஃபுல்லாகப் புறக்கணித்ததால் விபத்து நேர்ந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

வில்ஃபுல் என்பதில் நின்றுவிட்டேன். அது டபிள்யூ வரிசைச் சொல். நான் இன்னும் அங்கே போகவில்லை. ஸ்கில்ஃபுல், சியர்ஃபுல் மாதிரி ஏதோ நல்ல சொல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் அந்த வாக்கியத்தில் நல்ல சொல்லுக்கு இடமில்லை.

"சார், அந்தப் பொண்ணு எங்கிட்ட இப்படிச் சொல்லல."

"அது ஃபார்மாலிட்டி சிஸ்டர். எல்லா ரிப்போர்ட்டும் இப்படித்தான் போகும்."

"இத எடுத்துட்டுப் போயி ஒருக்கா பாத்துட்டு வரேன்."

அவர் சாய்ந்து உட்கார்ந்தார். "நீங்க வெளிநாட்டுக்குப் போறதுக்குப் பரீட்சை எழுதப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். நல்ல விஷயம். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் கேப்பாங்க. நாலு வருஷத்துக்கு நாங்கதான் குடுக்கணும், இல்லையா?" சிரித்தபடிதான் சொன்னார். "சரி, பாத்துட்டு வாங்க. நாளைக்குக் காலைல எட்டரைக்கு என் டேபிள்ல இருக்கணும்."

முதலுதவி அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். பட்டியலின் கடைசிப் பக்கங்களைத் திருப்பினேன். அவசரத்தில் ஒரு பக்கம் ஸ்பைரலிலிருந்து கிழிந்துவிட்டது. வில்ஃபுல்: தெரிந்தே, வேண்டுமென்றே, சொன்னதை மீறிப் பிடிவாதமாக. அகராதியிலும் பார்த்தேன். அதிலும் அதேதான்.

அடுத்து நான் செய்ததை ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. அலமாரிக்குக் கீழே பழைய விபத்துத் தாள்களின் நகல்களை ஒரு ஃபைலில் வைத்திருப்பேன். அதை எடுத்துப் பிரித்தேன். நான்கு வருடத்தில் பெரிய விபத்து என்று ஏழு தாள் இருந்தது. மூன்றில் அந்தச் சொல் இருந்தது. மூன்றிலும் என் கையெழுத்து, சாய்வாக, அடியில் ஒரு கோட்டோடு.

அதில் ஒருவர் உலையில் வேலை பார்த்தவர். ஜவளகிரிக்காரர். உருகிய அலுமினியம் பூட்ஸுக்குள் விழுந்து கால் வெந்துபோனது. ஒரு மாதம் தினமும் நான்தான் கட்டுப் போட்டேன். வலிக்காமல் கட்டுகிறேன் என்று என்னைப் புகழ்ந்து பேசுவார். பிறகு வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஷிப்ட் முடிந்து வெளியே போகும்போது பிரஸ் ஷாப் வழியாகப் போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வேறொரு பெண் நின்றிருந்தாள். டேப் இல்லை. வலது பட்டனை தின்னர் போட்டுத் துடைத்திருந்தார்கள். அது மட்டும் பளிச்சென்று பச்சையாக இருந்தது. அவள் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாளை வாங்கி அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இந்த வார்த்தைய எனக்குத் தெரியும்" என்றார்.

"உங்களுக்கா?"

"எங்க யூனியன்ல ஒரு கேசுல வந்துச்சு. ஆளு வேணும்னே சேஃப்டிய மீறுனான்னு எழுதிட்டா கம்பெனி நஷ்டஈடு குடுக்க வேண்டியதில்ல. சட்டத்துலயே அந்த வார்த்ததான் இருக்காம்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"நா கையெழுத்துப் போடல" என்றேன்.

"லெட்டர் தர மாட்டான் புள்ள. ரெண்டு வருஷமா படிக்கிற."

"அதுக்காகப் போட்றதா?"

"போடுன்னு சொல்லல. என்ன ஆகும்னு சொல்றேன்." அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அங்கிருந்தபடியே, "நானும் ஒட்டியிருக்கேன்" என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை.

"டேப்பு. டார்கெட் ஏறும்போது ஒட்டுவோம். ஒரு பட்டன்ல ஓட்டுனா மணிக்கு நாப்பது, அம்பது பீஸ் கூட வரும். இன்ஸ்பெக்டர் வந்தா கிழிச்சிருவோம். சூப்பர்வைசர் ஒட்டுன்னு சொல்ல மாட்டாரு. பீஸ் பத்தலன்னு மட்டும் சொல்லுவாரு. ஒட்டுறது நாங்கதான்."

கல்யாணமாகி மூன்று வருடம். அவர் கைகளை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அன்று அவர் பின்னால் கட்டி நின்ற கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குக் கோபம் வந்தது, பயம் வந்தது. எது முதலில் என்று சொல்ல முடியாது.

"இனிமே ஒட்டுவீங்களா?" என்றேன்.

அவர் ஜன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தார். "எழுதறதா இருந்தா நீ கண்ணால பாத்தத மட்டும் எழுது. யாரு ஒட்டுனதுன்னு எழுதாத. அது உனக்குத் தெரியாது. எதுக்கு ஒட்டுனாங்கன்னும் எழுதாத. அந்த மேனேஜர் டைப் அடிச்சதுல இருக்கற ஒரு வார்த்தையும் உன் தாள்ல இருக்கக் கூடாது."

வெளிச்சம் இருக்கும்போதே எழுத உட்கார்ந்தேன். ஆயிரத்துக்கு மேல் ஆங்கிலச் சொற்கள் படித்திருந்தேன். ஆனால் ஆறு வாக்கியம் வரவில்லை. முதலில் பட்டியலில் இருந்த பெரிய சொற்களைப் போட்டு எழுதினேன். 'டேப் ஒட்டப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது' என்கிற மாதிரி வந்தது. படித்துப் பார்த்தால் யார் கண்டார்கள் என்பதே இல்லை. மேனேஜரின் தாளும் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. அதில் யாரும் எதையும் செய்திருக்கவில்லை, அந்தப் பெண்ணைத் தவிர.

கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். துண்டான விரல்களை எடுக்க நான் மெஷினுக்குப் போனேன். வலது பட்டன் மேல் கறுப்பு டேப் இருந்ததை நான் பார்த்தேன். பட்டன் அழுந்தியிருந்தது. டேப்பின் ஓரங்களில் அழுக்கு ஏறியிருந்தது. தான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அது அப்படியே இருந்தது என்று காயம்பட்டவர் என்னிடம் சொன்னார். அடுத்த நாள் மாலை அந்த டேப் அங்கே இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் ஆங்கிலம் போல இருந்தது. கணவர் எல்லாச் சொல்லையும் புரிந்துகொண்டு படித்தார். அது போதும் என்று தோன்றியது. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வந்தோம்.

மறுநாள் எட்டரைக்கு மேனேஜரின் மேசையில் இரண்டு தாளையும் வைத்தேன். அவருடையது கையெழுத்தில்லாமல், என்னுடையது கையெழுத்தோடு. அவர் என்னுடையதை எடுத்துப் படித்தார். அது ஒரு நிமிட வேலை. அவர் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

"டேப்ல அழுக்கு இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. நீங்க என்ன எக்ஸ்பர்ட்டா?"

"இல்ல சார். அழுக்கு இருந்துச்சு. அதப் பாத்தேன்."

"ஃபிங்கர எடுக்கப் போன எடத்துல இத்தனையும் பாத்தீங்களா?"

"பட்டன் என் மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு சார்."

"இத நான் வாங்கிக்கலேன்னா?"

"எங்கிட்ட காப்பி இருக்குது சார்" என்றேன். அவர் மறுபடியும் தாளைப் பார்த்தார். பிறகு அதை டிராயருக்குள் வைத்து மூடினார். "போங்க" என்றார்.

அன்று முதல் பரீட்சை வரை பத்து நாள். அந்தப் பத்து நாளில் யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் முதலுதவி அறைக்கு ஆள் வருவது குறைந்தது. சூப்பர்வைசர் எதிரே வந்தால் தரையைப் பார்த்துக்கொண்டு போனார். கேன்டீனில் நான் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும் என்று வாங்கிப் போய் இரண்டு நாள் வைத்திருந்து திருப்பினார்கள். பட்டியலைத் திறந்தால் எழுத்துகள் மட்டும் தெரிந்தன, சொல் மனதில் இறங்கவில்லை. ஓ-வுக்கு அடுத்த பி வரிசையைக்கூடத் தாண்டவில்லை.

ஐந்தாம் நாள் அரசாங்கத்துத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். மேனேஜரின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் அங்கேயே இருந்தார். இன்ஸ்பெக்டரின் கையில் ஒரு தாள் இருந்தது. அது யாருடையது என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

"நீங்கதான் மெஷின் கிட்ட போனீங்களாம்மா?" என்றார் அவர்.

"ஆமாங்க சார்."

"பட்டன்ல எதாவது இருந்துச்சா?"

மேனேஜரை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை தெரியாது. "டேப் ஒட்டியிருந்துச்சு சார். பழைய டேப்பு" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். பிறகு தன் கையிலிருந்த தாளை என்னிடம் நீட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்றார். என் தாள்தான். மேனேஜர் அதை மறைக்கவில்லை, அனுப்பியிருக்கிறார். ஏன் என்று அன்றும் புரியவில்லை, பிறகும் கேட்கவில்லை. காப்பி இருக்கிறது என்று சொன்னது காரணமாக இருக்கலாம். அவருக்கும் வேறு ஏதாவது இருந்திருக்கலாம்.

"வேற எதாவது சொல்லணுமாம்மா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அந்த மூன்று பழைய தாள்கள் நினைவுக்கு வந்தன. அவை இருந்த என் அறை அலமாரி இருபதடி தூரத்தில்தான் இருந்தது. "இல்லைங்க சார்" என்றேன். அன்றைக்கு இருந்த தைரியம் அவ்வளவுதான். அந்த உலைக்காரரைத் தேடி நானும் கணவரும் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜவளகிரி வரை பஸ்ஸில் போனோம். குடும்பத்தோடு கர்நாடகாவுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

பரீட்சை பெங்களூரில் ஒரு ஓட்டல் ஹாலில் நடந்தது. எழுத்துத் தேர்வில் நகரத்துப் போக்குவரத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். விட்ட நாள்களுக்கும் சேர்த்து, தெரிந்த பெரிய சொற்களையெல்லாம் அதில் கொட்டினேன். பேச்சுத் தேர்வில் எதிரே இருந்த அம்மாள், உங்கள் ஊரில் கொண்டாடும் ஒரு பண்டிகையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். பொங்கலைப் பற்றித் தொடங்கி, பால் பொங்குகிற இடத்தில் சொல் வராமல் திணறி நின்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். முடிவு வந்தபோது பேச்சில் தேறியிருந்தேன். எழுத்தில் அரை மதிப்பெண் குறைவு.

கணவர் முடிவுத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அரைதானே" என்றார். நான் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதேன்.

எனக்கு வேலை போகவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதித் தேறினேன். அனுபவக் கடிதம் கேட்டபோது இரண்டே வரியில் கொடுத்தார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை நர்சாக வேலை பார்த்தார் என்று மட்டும் இருந்தது. பாராட்டு ஒன்றுமில்லை, பொய்யும் இல்லை. அதைக் கொண்டு வேலை கிடைத்தது. அதற்குள் கணவர் வேலை பார்த்த இடத்தில் பிரஸ்ஸிலிருந்து, அச்சுகளைச் செய்து பழுதுபார்க்கிற டூல் ரூமுக்கு மாறிக்கொண்டார். சம்பளத்தில் ஓவர்டைம் போய்விட்டது.

அந்தப் பெண்ணுக்கு நஷ்டஈடு கிடைத்தது, ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தடித்து. முதல் மூன்று நான்கு மாதம் கட்டு மாற்ற என்னிடம்தான் வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் மேசை மேல் திறந்து கிடந்த பட்டியலைப் பார்த்து, "இவ்ளோத்தையும் படிக்கணுமாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "எனக்கு எழுதிக் குடுத்தீங்களே, அது இதுல எங்க இருக்குது?" என்று கேட்டாள். அந்தத் தாளில் இருந்த ஒரு சொல்கூட இதில் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. நான் கட்டை அவிழ்க்கும் வரை பக்கங்களைப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தாள்.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ராயக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். ரோஜா ஏற்றுமதி செய்கிற ஒரு பசுமைக்குடிலில், பூக்களை நீளம் பார்த்துப் பிரிக்கிற வேலைக்குப் போவதாகச் சொன்னாள். கையை நீட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். ஒட்டிய விரல் கொஞ்சம் கோணியிருந்தது. மடக்கச் சொன்னேன், பாதி மடங்கியது. முள் குத்துகிறதா என்று கேட்டேன்.

"கிளவுஸ் குடுக்கறாங்க. பூவ வெக்கற ரூமு ஏசிக்கா, பயங்கர சில்லு. அங்க போனா மட்டும் இது வலிக்குது."

அதற்கு என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது. இடம் பிடிக்க அவள் கூட்டத்துக்குள் ஓடினாள்.